முப்பதோடு நின்ற குரல்

குமிழியேந்தல் தொடக்கப் பள்ளியில் அங்கயற்கண்ணி டீச்சரின் குரல் முப்பது பேரோடு நின்றுபோனது ஆனி மாதத்து ஒரு திங்கட்கிழமை. ஊருக்கு அது தெரியவந்தது செவ்வாய்க்கிழமை. வாரம் முடிவதற்குள் ஊருக்கு அது பழகியும் போய்விட்டது.

அதற்குச் சற்று முன்புதான் பள்ளியில் இருந்த இன்னொரு ஆசிரியர் கலந்தாய்வில் மாறுதல் வாங்கி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லட்டைக் கொடுத்து, ஒவ்வொரு தலையையும் தடவிவிட்டு, டவுன் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் போன பிறகு ஐந்து வகுப்புகளும், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளும், காலை உப்புமாவும், மதிய முட்டையும், குடற்புழு மாத்திரையும், வாக்காளர் பட்டியலும், உடனே பதிவேற்று உடனே பதிவேற்று என்று கைபேசியில் வந்து விழுந்துகொண்டே இருக்கும் விவரங்களும், ஒழுகும் ஓடும், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையும், தலைமையாசிரியர் பொறுப்பும் மொத்தமாக டீச்சர் தலையில் வந்து இறங்கின. டீச்சர் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே வேலைக்கு வந்தவர். கத்திக் கத்தியே காலத்தைத் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். அவருடைய தொண்டைதான் வேறு மாதிரி நினைத்தது.

அந்தத் திங்கட்கிழமை வருகைப் பதிவு எடுக்கையில், பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிடப் பாதிப் பிள்ளைகள் ‘உள்ளேன் டீச்சர்’ என்றார்கள். மீதிப் பாதி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தது. டீச்சர் முதலில் குறும்பு என்று நினைத்தார். பிறகு தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு, கண்மாய்க்கு அந்தப் பக்கம் மேய்கிற ஆடு திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினார். ஆடு திரும்பிப் பார்த்தது, பிள்ளைகள் அசையவில்லை.

“டீச்சர், ஒங்க வாய் அசையுதாம், சத்தம் வரலையாம்” என்று முன்வரிசையில் ஒருவன் பின்வரிசைக்காக எழுந்து நின்று சொன்னான்.

மறுநாளும் அப்படியே ஆனது, ஆனால் வேறு பிள்ளைகளுக்கு. எண்ணிப் பார்த்ததில் கணக்கு விளங்கியது. காலை மணி அடித்த பிறகு வாசற்படியை எந்த முப்பது பேர் முதலில் தாண்டி உள்ளே வருகிறார்களோ, மாலை மணி அடிக்கும் வரை அந்த முப்பது பேருக்குத்தான் டீச்சர் குரல் கேட்கும். முப்பத்தோராவதாகக் கால் வைத்த பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்தாலும் கேட்காது. மாலை மணி அடித்துவிட்டால் பழையபடி எல்லாருக்கும் கேட்டது. வகுப்பை வேப்பமரத்தடியில் வைத்துப் பார்த்தார்கள், அங்கேயும் முப்பதுதான். கோயில் மைக் செட்டைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். முப்பது பேருக்குக் காது வலித்தது, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. டவுன் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை பொன்னாக இருக்கிறது, கொஞ்சம் குறைவாகப் பேசுங்கள் என்றார்.

இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகள் என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. எழுதி எத்தனையோ வருஷம் ஆகியும் அதைப் படித்தவர்கள் படித்ததோடு விட்டுவிட்டார்கள். டீச்சரின் தொண்டை மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஊரில் முதலில் வந்தது அடிதடிதான். தம் பிள்ளை முப்பதுக்குள் போக வேண்டும் என்று பெற்றவர்கள் விடிவதற்கு முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். மணிச் சத்தம் கேட்டதும் ஐம்பத்தெட்டும் ஒரே வாசலுக்குள் பாய்ந்ததில் முட்டிகள் தேய்ந்தன, பைகள் கிழிந்தன, ஒரு பல் விழுந்தது. அது எப்படியும் விழ இருந்த பல்தான் என்று சொல்லிச் சமாதானம் செய்துவைத்தார்கள்.

அப்போதுதான் சேவுகன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். சேவுகன்தான் ஊர்க் கண்மாய்க்கு நீர்க்கட்டி. மடைப்பலகையைத் தூக்குவதும் இறக்குவதும், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பதும் அவர் வேலை. ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கோடையில் சொட்டுத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஊரைச் சண்டையில்லாமல் நடத்திக் காட்டியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு; அந்தப் பெருமை அவருக்குச் சற்று அதிகமாகவே உண்டு என்பதும் ஊருக்குத் தெரியும்.

அவர் நெரிசலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இதுக்கா டீச்சர் இம்புட்டு ரகளை? தண்ணி கொறைஞ்சா மொறை வைக்கணும். அம்புட்டுத்தானெ?”

மறுநாளே முறை வைத்தாயிற்று. மேல்மடைத் தெருப் பிள்ளைகள் முப்பது பேர் ஒரு நாள் முதலில் நுழைய வேண்டியது; கடைமடைத் தெருப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர் மறுநாள் முதலில் நுழைய வேண்டியது. முறை இல்லாத பிள்ளைகள் பின்னால் வந்து உட்கார்ந்து, கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியது. கண்மாய்க்கு உள்ள சட்டதிட்டம் அத்தனையும் குரலுக்கும் வந்தது. முறை நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும் என்பது கண்மாய்ச் சட்டம். முறை நாளில் பிள்ளை வரத் தாமதமானால் அந்த இடம் அடுத்த தெருப் பிள்ளைக்குப் போய்விடும் என்பது பள்ளிக்கூடச் சட்டம் ஆனது. கடைமடை முறையில் மிஞ்சுகிற இரண்டு இடத்தையும் சேவுகன் வீணாக்கவில்லை. வடிகிற தண்ணீரில் கத்திரி போடுவது போல அதைப் பெரியவர்களுக்குப் பிரித்துவிட்டார். பஸ் போர்டு வாசிக்க ஆசைப்பட்ட டீக்கடை ஒச்சம்மாளும், வகுத்தல் கணக்குப் பிடிபடாத ஓர் ஆட்டு வியாபாரியும் அதில் வந்து உட்கார்ந்து போனார்கள். ஒச்சம்மாள் வருகிற நாளில் டீச்சருக்குப் பத்தரை மணிக்குக் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது.

அதன் பிறகு ஊர் அமைதியானது. கொஞ்சம் வேடிக்கையாகவும் ஆனது. டீச்சர் முதலில் ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு நாளும் நடத்திப் பார்த்தார். பாதிப் புத்தகத்துக்கு மேல் நகரவில்லை, அலுவலகத்திலிருந்து ஏன் நகரவில்லை என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர்ந்தார். அதனால் மேல்மடைப் பிள்ளைகளுக்குக் கூட்டல் வந்தது, கடைமடைப் பிள்ளைகளுக்குக் கழித்தல் வந்தது. கடைக்கு அனுப்புவதென்றால் தெருவுக்கு ஒரு பிள்ளையாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒன்று விலையைக் கூட்டிச் சொல்லும், மற்றொன்று மீதியைக் கழித்து வாங்கும். அதுவரை ஒன்றோடொன்று பேசாத இரண்டு தெருப் பிள்ளைகளும் இப்படித்தான் கைகோத்துக்கொண்டு திரிய ஆரம்பித்தார்கள். சாயங்காலக் கதையும் அப்படியே ஆனது. ஒரு தெருவுக்கு ராஜா காட்டுக்குள் போனதோடு கதை நின்றிருக்கும்; மறு தெருவுக்கு ராஜா காட்டிலிருந்து திரும்பி வருவதிலிருந்து கதை தொடங்கும். காட்டுக்குள் என்ன நடந்தது என்று கண்மாய்க்கரையில் உட்கார்ந்து இரண்டு தெருவும் விடிய விடியப் பேசும் அளவுக்கு விஷயம் இருந்தது.

வருகைப் பதிவுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேட்காத பிள்ளையின் பேர் வந்தால், பக்கத்தில் இருக்கும் கேட்கிற பிள்ளை முழங்கையால் இடிக்கும். இடி வாங்கியதும் ‘உள்ளேன் டீச்சர்’. ஒரு கண் இமைக்கும் நேரம் பிந்தி வரும், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் இப்படி ஏதோ ஒரு பாதி கிடைத்தது, முத்திருளாயியைத் தவிர.

முத்திருளாயி மூன்றாம் வகுப்பு. வீடு கடைமடைத் தெருவுக்கும் கடைசியில், கரையை ஒட்டி. அம்மா விடியும்போதே நடவுக்கோ களைக்கோ போய்விடுவாள். தம்பியைக் கொண்டுபோய்ப் பால்வாடியில் விட வேண்டியது இவள் பொறுப்பு. பால்வாடி திறக்கிற நேரமும் பள்ளிக்கூடம் திறக்கிற நேரமும் ஒன்று. அது ஊரின் ஒரு முனை, இது மறு முனை. தம்பியை இறக்கிவிட்டு, அவன் அழுகையை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க ஓடி வந்து வாசற்படியில் கால் வைக்கும்போது அவள் முப்பதைத் தாண்டியிருப்பாள். அவள் இடம் மேல்மடைப் பிள்ளை ஒன்றுக்குப் போயிருக்கும். முறை நாளிலும் போயிருக்கும், முறை இல்லாத நாளில் கேட்கவே வேண்டாம். குரல் முப்பதோடு நின்ற நாளிலிருந்து டீச்சர் நடத்திய ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்ததில்லை. மாலை மணி அடித்ததோ இல்லையோ, தம்பியைக் கூட்டிவரப் பறந்துவிடுவாள்.

ஒரு நாள் டீச்சர் வாசலை மறித்து நின்றுகொண்டு, முத்திருளாயி வரும் வரை மேல்மடைப் பிள்ளைகளை உள்ளே விடாமல் பார்த்தார். சேவுகனுக்கு எப்படியோ சேதி போய் அவரே வந்துவிட்டார்.

“மொறைன்னா மொறைதான் டீச்சர். ஒருத்திக்கு நின்னா நாளைக்கு ஒவ்வொருத்தருக்கா நிக்கணும். பெறகு அதுக்குப் பேரு மொறையா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் டீச்சருக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரே ஆறுதல் என்னவென்றால், டீச்சர் ஏதாவது வேடிக்கை சொல்லி வகுப்பு சிரிக்கும்போது முத்திருளாயியும் பின்வரிசையில் பல் தெரியச் சிரிப்பாள். ‘போகட்டும், ஏதோ கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது பிள்ளை’ என்று டீச்சர் அதைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்வார்.

ஆவணியில் கல்வி அலுவலர் தர்மசீலன் பார்வையிட வந்தார். நல்ல மனிதர். இரண்டு ஒன்றியத்தை ஒற்றை ஆளாகக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பாவைக் காரிலேயே திறந்து, மூன்றாவது பள்ளிக்கூடத்துக்கும் நான்காவது பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் தயிர்சாதம் சாப்பிடுகிறவர். காலியாகக் கிடக்கும் இரண்டாவது ஆசிரியர் இடம் இந்தப் பள்ளிக்குத் தேவையா இல்லையா என்று அவர்தான் மேலே எழுத வேண்டும். டீச்சர் நான்கு நாளாக அதற்காகத்தான் காத்திருந்தார், அவர் வந்து பார்த்தால் போதும் என்று.

ஆனால் ஊருக்கு ஒரு மரியாதை இருக்கிறதே. அதிகாரி வந்து உட்கார்ந்து, அவருக்கு டீச்சர் குரல் கேட்காமல் போனால் எப்படி? சேவுகன் அன்றைக்குக் கடைமடை முறை வருமாறு நாளை மாற்றினார். ஒச்சம்மாளையும் ஆட்டு வியாபாரியையும் வர வேண்டாம் என்றார். முத்திருளாயி இடத்துக்கு வழக்கம்போல ஒரு மேல்மடைப் பிள்ளையைச் சேர்த்து இருபத்தெட்டுப் பிள்ளைகளை உள்ளே விட்டு, மிஞ்சிய இரண்டு இடத்தில் அதிகாரியையும் அவர் டிரைவரையும் படி தாண்ட வைத்து, அதற்குப் பிறகே மேல்மடையை உள்ளே அனுப்பினார். அதிகாரிக்குப் பாடம் கணீரென்று கேட்டது. பாதிப் பிள்ளைகள் பதில் சொன்னார்கள், மீதிப் பாதி சத்தமே இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தது. ஒரு சண்டை இல்லை, ஒரு கிள்ளல் இல்லை.

டீச்சர் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“ஒவ்வொரு ஊர்லயும் ஒண்ணு இருக்கத்தாம்மா செய்யுது. அடுத்த ஒன்றியத்துல ஒரே வாத்தியாருக்கு அஞ்சு நிழல் விழுதாம், அதுக்கு ஒரு ஃபைல் ஓடிக்கிட்டிருக்கு. ஆனா இங்க பாருங்க, எவ்வளவு ஒழுங்கா சமாளிச்சிருக்கீங்க! இதுக்கு இன்னொரு டீச்சர் எதுக்கு?” என்றார். “அடுத்த மாசம் ஒரு முழு நாள் வந்து ஒக்காந்து பாக்குறேன். பாத்துட்டு, இந்த இடத்தைத் தேவையில்லைன்னு எழுதிட்டு, இந்த முறையை எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோயிரலாம்னு மேல சொல்றேன்.”

சொன்னதோடு நிற்காமல், தமக்குப் போட்ட சால்வையை எடுத்துச் சேவுகனுக்குப் போட்டார். வெயில் கொளுத்துகிற அந்த மத்தியானத்தில் சேவுகன் அந்தச் சால்வையோடு ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

டீச்சர் அன்று சாயங்கால பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். யார் மீது கோபப்படுவது என்று தெரியாத அழுகை அது. ஊர் கெட்ட ஊராக இருந்திருந்தால், வாசலில் இன்னும் மண்டை உடைந்துகொண்டிருந்தால், அந்த மனிதர் வந்த அன்றே இரண்டாவது ஆளைப் போட்டிருப்பார். நல்ல ஊராக இருந்து தொலைத்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், டீச்சர் குமிழியேந்தலுக்கு வந்தார். கண்மாயில் மராமத்து பற்றிப் பேச மடைக்குப் பக்கத்தில் ஊர் கூடியிருந்தது. சால்வை சேவுகன் தோளில்தான் இருந்தது.

“சேவுகண்ணே, ஒண்ணு கேக்குறேன். எப்ப மொறை வைப்பீங்க?”

“கண்மாய்ல தண்ணி கொறைஞ்சா வைப்போம் டீச்சர்.”

“கண்மாய் நெறஞ்சு கெடக்கு. மடைப்பலகையை எவனோ எறக்கி வெச்சுட்டுப் போயிட்டான். அப்ப?”

“அப்ப என்னத்துக்கு மொறை? பலகையத் தூக்குன்னு சொல்லுவோம். தூக்கலைன்னா நாமளே தூக்குவோம்.”

“அப்பறம் ஏண்ணே என் தொண்டைக்கு மொறை வெச்சீங்க?” என்றார் டீச்சர். “இது மழை பெய்யாமப் போன பஞ்சமா? ஐம்பத்தெட்டுப் பிள்ளைக்கு ரெண்டு டீச்சர்னு சட்டமே சொல்லுது. அந்த ரெண்டாவது ஆளு வானத்துலருந்து வரணுமா? எங்கேயோ ஒரு எடத்துல பலகையை எறக்கி வெச்சிருக்காங்க. நாம இருக்குற சொட்டை அழகாப் பங்கு வெச்சுக் குடிச்சுக்கிட்டு இருக்கோம். வந்து பாக்குறவருக்கு வயல் எல்லாம் பச்சையாத் தெரியுது. பலகையை எதுக்குத் தூக்குவாரு?”

கூட்டத்திலிருந்து ஒச்சம்மாள், “டீச்சர் சொல்றது சரித்தான். நாங்கூட இன்னும் போர்டுல பாதிதான் வாசிக்கிறேன். ஊரு பேரோட முன்பாதி தெரியுது, பின்பாதி தெரியலை” என்றாள்.

“அதுக்காக அதிகாரிய அவமானப்படுத்தச் சொல்றீகளா?” என்றார் ஒருவர்.

“ஒண்ணுமே செய்யச் சொல்லலைங்க. அவர் வர்ற அன்னைக்கு ஒண்ணும் செய்யாம இருங்க. மொறை வேணாம், எடம் பிடிச்சு வைக்க வேணாம், ஆள ஒதுக்க வேணாம். மணி அடிச்சதும் பிள்ளைக வரட்டும். அவர் எப்ப வர்றாரோ அப்ப வரட்டும்.”

எல்லாரும் சேவுகனைப் பார்த்தார்கள். அவர் சால்வையின் நுனியை உருட்டிக்கொண்டிருந்தார். தாம் செய்ததிலேயே நல்ல காரியம் என்று எதை நினைத்திருந்தாரோ, அதைத்தான் கலைக்கச் சொல்கிறார்கள். யாருக்குத்தான் வலிக்காது? மடைப் பக்கம் திரும்பி, “அந்தக் கரையோரத்து வீட்டுப் பிள்ளை ஒரு நாளாச்சும் கேட்டுச்சா டீச்சர்?” என்று கேட்டார்.

“இல்லண்ணே.”

“கடைமடை காயுதுன்னா அது நீர்க்கட்டிக்குத்தான் கேவலம்” என்றார் சேவுகன். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

புரட்டாசியில் அதிகாரி சொன்னபடி வந்தார். வழியில் ஒரு கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, பாடம் தொடங்கி வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் ஐம்பத்தெட்டும் உள்ளே போயாயிற்று. முந்தியது முந்தியது, பிந்தியது பிந்தியது. சேவுகன் எதிரே ஒச்சம்மாள் கடை பெஞ்சில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எங்கே எழுந்து போய் இடம் ஒழுங்குபண்ணிவிடுவோமோ என்று பயந்து. பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததில் முன்னால் இடம் இல்லை. கடைசி வரிசையில்தான் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதன் காலடியில் முத்திருளாயி, கூந்தல் கலைந்து, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு.

அதிகாரி உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். டீச்சர் வாய் அசைந்தது. அதிகாரி ஒரு விரலைக் காதில் விட்டு ஆட்டிப் பார்த்தார். மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது, வெளியே காக்கை கத்துவது கேட்டது, பிள்ளைகள் தாள் புரட்டுவது கேட்டது. டீச்சர் குரல் மட்டும் கேட்கவில்லை. தமக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை, போன தடவை டீச்சர் சொல்லித்தான் இருந்தார். ஆனால் சொல்லக் கேட்பது வேறு, உட்கார்ந்து அனுபவிப்பது வேறு. டீச்சர் தலையில் இரண்டு விரலைக் கொம்பு மாதிரி வைத்து என்னவோ சொன்னார். முப்பது பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முத்திருளாயியும் சிரித்தாள்.

அதிகாரி குனிந்து அவளிடம் கேட்டார். “என்ன பாப்பா சொன்னாங்க?”

“தெரியலெ சார். எனக்கும் கேக்காது.”

“நீ சிரிச்சியே?”

“அவுக சிரிச்சா நானும் சிரிச்சுருவேன் சார். இல்லேன்னா டீச்சர் சங்கடப்படுவாக.”

சிரிப்பு அடங்கிவிட்ட நேரம் அது. டீச்சர் குரல்தான் முப்பதோடு நிற்கும், பிள்ளையின் குரலுக்கு அப்படி எந்த அளவும் இல்லை; அது அறை முழுவதற்கும் கேட்டது. கரும்பலகையின் மேல் டீச்சருடைய கை நின்றுவிட்டது. இத்தனை நாளாகத் தாம் எதைப் பார்த்து ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அவர் குரல் யாருக்குமே கேட்கவில்லை.

முத்திருளாயி இதையெல்லாம் கவனிக்கவில்லை. நாற்காலியில் இருக்கிற மனிதர் முகம் வாடியதைத்தான் கவனித்தாள். புதிதாக வந்தவர், பாவம், பயந்துவிட்டார் போலிருக்கிறது.

“மொதல்ல காது அடைச்ச மாதிரித்தான் சார் இருக்கும்” என்றாள். “பெறகு பழகிரும்.”

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். போகவில்லை. மாலை மணி அடிக்கும் வரை, தயிர்சாதம் காரிலேயே புளிக்க, அந்த இருபத்தெட்டுப் பேரோடு இருபத்தொன்பதாவது ஆளாக, கேட்காத பாடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அதற்குப் பிறகு இரண்டு தடவை சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மணி அடித்ததும் வேப்பமரத்தடிக்கு வந்து டீச்சரிடம் கேட்டார். “காலையில கொம்பு மாதிரி கைய வெச்சு என்னம்மா சொன்னீங்க?”

“எருமை பள்ளிக்கூடத்துல சேர வந்த கதை சார். தலைமையாசிரியர் படிவத்தை எடுத்துவெச்சுக்கிட்டு, பேரு என்னன்னு கேட்டார். எருமைன்னுச்சு. அப்பா பேரு? எருமை. அம்மா பேரு? எருமை. எருமைக்கு அலுத்துப்போச்சு. ஏன் சார், மூணும் ஒண்ணுதான், இதுக்கு எதுக்கு மூணு கட்டம் போட்டு வெச்சிருக்கீங்கன்னு கேட்டுச்சாம்.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் கட்டம் போட்ட தாளோடு கழித்தவர், கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“இத அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?”

“அது தம்பியக் கூப்பிட ஓடிருச்சு சார்.”

அவர் பால்வாடிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காரில் ஏறினார். குமிழியேந்தல் முறையை எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோகும் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

கார்த்திகையில், கண்மாய் நிறைந்து மறுகால் போகிற சமயத்தில், பீர்முகமது சார் என்ற புது ஆசிரியர் பணி உத்தரவோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். ஒடிசலான இளைஞர், ஊரே பஸ் நிறுத்தத்தில் கூடி நிற்பதைப் பார்த்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தார். ஒச்சம்மாள் அவர் வந்த பஸ்ஸின் போர்டை முன்பாதி பின்பாதி சேர்த்து எழுத்துக்கூட்டி உரக்க வாசித்துக் காட்டினாள். புது சாரின் குரலும் முப்பதில்தான் நின்றது. முதல் நாளே அதைக் கண்டுபிடித்து அவர் வெலவெலத்துப்போக, பிள்ளைகளே அவரைத் தட்டிக்கொடுத்து, எல்லாருக்கும் அப்படித்தான் சார் என்று தேற்றினார்கள்.

அறைக்கு நடுவில் ஒரு தட்டி வைத்து மறைத்து, புதிதாக ஒரு வாசலும் திறந்து பக்கத்துக்கு ஒன்றாக்கினார்கள். இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு வரை டீச்சர், அந்தப் பக்கம் நாலும் அஞ்சும் சாருக்கு என்று வைத்துப் பார்த்தால் பங்கு சரியாக வரவில்லை. சேவுகன் வந்து இரண்டு பிள்ளைகளை இப்படியும் ஒரு பிள்ளையை அப்படியும் நகர்த்தி, இரண்டு பக்கமும் முப்பதுக்குள் அடக்கிக் கொடுத்தார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இடம் மிஞ்சியது. ஒன்றை ஒச்சம்மாளுக்கு ஒதுக்கினார். இன்னொன்றை யாருக்கு ஒதுக்கினார் என்று அவர் சொல்லவில்லை. சால்வையை மடித்துப் போட்டு அதன் மேல் அவரே உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்கும் முத்திருளாயி கடைசியாகத்தான் வந்தாள். தம்பி அன்றைக்கென்று அதிகமாக அழுதிருந்தான். எல்லாரும் உட்கார்ந்து முடித்த பிறகு மூச்சு வாங்க வாசற்படியில் கால் வைத்தாள், வழக்கம்போலத் தன் மூலையில் போய் உட்கார்ந்தாள், வழக்கம்போல டீச்சர் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், அவள் பேர் வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, சொம்பை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, கத்தாமல், பக்கத்தில் இருக்கிற ஆளோடு பேசுவது போல மெதுவாக, “முத்திருளாயி” என்றார்.

“உள்ளேன் டீச்சர்.”

பக்கத்துப் பிள்ளையின் முழங்கை அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.